குழாயைப் பிடுங்கிய கை

நீங்கள் நம்பப்போவதில்லை, தெரியும். பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தாலே எழுந்து போய்விடுகிற ஆள்தான் நானும். ராகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், காட்டு ஊற்றிலிருந்து லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் வரும் குழாயைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அட்டையைத் தவிர அந்தக் காட்டில் எதுவும் என்னைத் தொட்டதில்லை.

போன வருடம் என் மகளுக்குச் சடங்கு. சடங்குக்கு முதல் நாள் காலையிலேயே தண்ணீர் நின்றுவிட்டது. ஏறிப் போய்ப் பார்த்தால், ஊற்றுப் பக்கத்தில் குழாய் கழன்று கிடக்கிறது. மாட்டிக் கட்டிவிட்டு இறங்கினேன், வாசலைக்கூட மிதிக்கவில்லை, மறுபடி நின்றுவிட்டது. மறுபடி ஏறினேன், கட்டினேன், இறங்கினேன், நின்றது. லிந்துலையிலிருந்து மாமன் வீட்டு ஆட்கள் வந்து இறங்கியாயிற்று, வாளியெல்லாம் காலி.

"ஒரு குழாய மாட்டத் தெரியாதா ஒங்களுக்கு?" என்றாள் என் மனைவி சாந்தி, அத்தனை பேர் முன்னாலும்.

மூன்றாவது தடவை, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு போய், குழாயை மாட்டிக் கட்டிவிட்டுப் பாறைக்குப் பின்னால் குந்தினேன். குரங்காக இருக்கும் என்று நினைத்தேன். மத்தியானம் மூன்று மணி, பனி இறங்கியிருந்தது, ஆனாலும் பத்தடி தூரம் நன்றாகத் தெரிந்தது. புதருக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. கை முழுக்கச் செம்பட்டை மயிர், விரல் நீளத்துக்கு நகம். பிறகு அதுவே வந்தது. ஏழு வயதுப் பிள்ளையின் உயரம், கிழட்டு முகம், நிமிர்ந்த நடை. வால் இல்லை, அதையும் பார்த்தேன். குழாயைப் பிடுங்கி வாயில் வைத்துக் குடித்தது. ஊற்று பக்கத்திலேயே ஓடுகிறது, அதில் குடித்தால் என்ன?

பயத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது.

"புள்ளைக்கிச் சடங்கு, தண்ணி வேணும், மாட்டிட்டுப் போ" என்று கத்திவிட்டேன்.

அது திரும்பி என்னைப் பார்த்தது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். லயத்துக்கு வந்தால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. "இப்பவாவது ஒழுங்கா மாட்டினீங்களே" என்கிறாள் சாந்தி.

கீழே சிங்களக் கிராமத்துச் சிநேகிதன் சுனிலிடம் சொன்னேன். அது நிட்டேவோ, மயிர் மூடின காட்டுக் குள்ளர்கள், எல்லாம் எப்போதோ அழிந்துபோய்விட்டார்கள் என்று சிரித்தான். அழிந்துபோனது வந்து குழாயைப் பிடுங்குமா? சடங்கு முடிந்ததும் அவனை இழுத்துக்கொண்டு மேலே போனேன்.

குழாய் மாட்டி, ரப்பர் பட்டியால் கட்டியிருந்தது. நான் இடது கைக்காரன், என் முடிச்சு எதிர்ப்பக்கமாக விழும், தோட்டத்தில் வேறு யாருக்கும் அப்படி விழாது. அந்த முடிச்சும் அப்படியே விழுந்திருந்தது. நீதானே கட்டியிருக்கிறாய் என்று சுனில் இறங்கிப் போய்விட்டான்.

நான் கட்டவில்லை. அப்படிக் கட்டப் பழக, அது எத்தனை நாள் என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்?