குறைக்கும் பொத்தான்

ஓவுலு நகரத்தில் இல்போவைத் தெரிந்த யாரும் அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டார்கள். பேச்சு குறைவு, அவ்வளவுதான். மடிக்கணினித் திரைகளை இயக்கும் டிரைவர் நிரல்களைக் கவனித்துக்கொள்வது அவன் வேலை. எங்கிருந்தோ ஒருவர் "திரை இருண்டு கிடக்கிறது" என்று புகார் எழுதுவார். இவன் ஒரே வரியில் பதில் போட்டுப் புகாரை மூடிவிடுவான். அந்த வரியைப் படிக்க மறுபக்கம் ஒரு மனிதர் காத்திருப்பார் என்பது அவனுக்கு உறைத்ததே இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

அன்று ஆர்மாஸ் காபிக்கு வந்திருந்தார். இல்போவின் அக்கா தூலிக்கியின் கணவர், பேருந்து ஓட்டுபவர். போன வசந்தத்தில் அக்கா கண்ணை மூடியதிலிருந்து தனி ஆள்.

"காபி குடிச்சிட்டு நேரா குப்பைக் கிடங்குக்குப் போறேன் மச்சான்," என்றார் ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்தபடி. "உங்க அக்காவோட லேப்டாப் போயிடுச்சு. அப்டேட் போட்டேன், திரை கருப்பாயிடுச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தான்?"

"சொன்னா, கிழவனுக்கு ஒண்ணும் தெரியலன்னு சிரிப்பே. டிப்போ கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து ஏதோ புனைபேர்ல நானே புகார் எழுதினேன். எவனோ ஒரு மகராசன் பதில் போட்டான்: 'வெளிச்சத்தைக் கூட்டுற பொத்தானை உச்சம் வரைக்கும் அழுத்துங்க. அப்பவும் இருட்டுன்னா திரைக்குப் பின்னாடி இருக்கிற விளக்கு செத்துடுச்சு. எங்க தப்பு இல்ல.' அதோட கதவைச் சாத்திட்டான்!"

இல்போவின் கையில் கோப்பை அந்தரத்தில் நின்றது. அது அவன் எழுதிய வரி. அங்கே அவனுக்கும் புனைபெயர்தான்.

"என்னடா முழிக்கிறே? காபி சுடுதா?"

"அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க அத்தான். எடுத்துட்டு வாங்க."

கார் டிக்கியிலிருந்து கணினி மேசைக்கு வந்தது. அதை இயக்கி, ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துக் கறுத்த திரைமேல் அடித்தான் இல்போ. முதலில் ஒரு வாளி மங்கலாகத் தெரிந்தது. பிறகு வாளி நிறைய மஞ்சள் காட்டுப்பழங்கள். பிறகு அதைப் பிடித்த கை. கடைசியில், சதுப்பு நிலத்தில் நின்று சிரிக்கும் தூலிக்கி. அவளுடைய முகப்புப் படம்.

"அய்யோ… உள்ளேதான் இருக்காளா?" ஆர்மாஸ் திரையருகே குனிந்தார்.

கணினியைத் திருப்பி மாடல் பெயரைப் படித்தான் இல்போ. சில பழைய மாடல்களில் வெளிச்சக் கணக்கு தலைகீழ். வெளிச்சம் கூட்டச் சொன்னால் குறையும். அதைச் சரிக்கட்ட, அந்த மாடல்களின் பெயர்கள் டிரைவரில் ஒரு பட்டியலாக இருந்தன. இலையுதிர்காலத்தில் நிரலைத் துப்புரவு செய்தபோது, இந்த ஓட்டைப் பெட்டியை இனி யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்று இதன் பெயரை அழித்தவன் அவனே.

வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தானை அழுத்தினான். அழுத்த அழுத்த தூலிக்கியின் முகம் ஒளிர்ந்தது.

"குறைக்கிற பொத்தானா!" ஆர்மாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருட்டுல தவிக்கிறவன் அதை எதுக்குடா அழுத்துவான்? நீ கெட்டிக்காரன் மச்சான். உன் மூளையில பாதி அந்த மடையனுக்கு இருந்திருந்தா…"

இல்போ வாயை மூடிக்கொண்டால் அந்த மடையன் யாரென்று அத்தானுக்குத் தெரியாமலே போய்விடும். ஆனால் நிரலுக்குத் திருத்தம் அனுப்பும்போது புகார் சொன்னவரின் பெயரைப் போடுவது அவர்கள் வழக்கம். அதற்கு அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும்.

"திருத்தத்துல உங்க சொந்தப் பேரைப் போடட்டுமா அத்தான்? தப்பைக் கண்டு சொன்னவர்னு."

"தாராளமா போடு. கெடுத்தவன் எவன்னும் போடுவீங்களா?"

"அதுவும் போடணும்."

"யாருடா அவன்?"

அக்கா சிரித்துக்கொண்டே இருந்தாள். இல்போவால் அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான்தான். அந்தப் பதிலை எழுதினதும் நான்தான்."

ஆர்மாஸ் ரொட்டித் தட்டை ஒதுக்கிவைத்தார்.

"'எங்க தப்பு இல்ல'ன்னு ஊருக்கே தெரியுற மாதிரி எழுதி வச்சிருக்கியே, அதை மாத்து. நான் இங்க இருக்கும்போதே மாத்து."

இல்போ புகாரைத் திறந்தான். புனைபெயரை விட்டு, முழுப் பெயரோடு எழுதினான்: தவறு என்னுடையது. விளக்கு உயிரோடுதான் இருந்தது.

ஆர்மாஸ் அதை இரண்டு முறை படித்தார். பிறகு தன் கம்பளிச் சால்வையில் கணினியைச் சுற்றி வெளியே எடுத்துப் போனார். இம்முறை டிக்கியைத் திறக்கவில்லை. முன் இருக்கையில் வைத்து, குறுக்கே சீட் பெல்ட்டை மாட்டினார்.