எங்கள் சேனலுக்கு உரிமையுள்ள கல்யாணங்கள்

அரூரில் நான் வேலை பார்த்தது ஒரு லோக்கல் சேனலில். கேபிள் பெட்டி இருக்கிற எல்லா வீட்டுக்கும் அது இலவசமாக வரும். யாரும் அதைத் தேடி வைக்க மாட்டார்கள், ரிமோட் கை தவறி அமுங்கினால்தான் உண்டு. நகைக்கடை விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, நடுநடுவே பழைய படங்கள். எடிட்டிங், அறிவிப்பு, வருகிற போனை எடுப்பது என்று எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான்.

ஒருநாள் சென்னையிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. உரிமை வாங்காமல் எந்தப் படத்தையும் பாட்டையும் ஒளிபரப்பக் கூடாது, மீறினால் வழக்கு. முதலாளிக்கு அதுவரை உரிமை என்ற சொல்லோடு பழக்கமே கிடையாது. அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. கோயில் மணிச் சத்தத்தைப் போடலாமா, அதற்கு யாரிடம் உரிமை வாங்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். இரண்டு நாள் எங்கள் சேனலில் பஸ் ஸ்டாண்ட் மட்டும்தான் ஓடியது, அதுவும் சத்தமில்லாமல். சேலம் பஸ் போகும், திருவண்ணாமலை பஸ் வரும்.

மூன்றாம் நாள் காலை அவருக்கு ஞானம் பிறந்தது. முதலாளியின் இன்னொரு தொழில் கல்யாண வீடியோ. "நான் எடுத்தது, என் கேமரா. இதுக்கு எவன் நோட்டீஸ் வுடுவான்?" என்று அலமாரியைத் திறந்தார். அரூர் வட்டாரத்தில் பத்துப் பதினைந்து வருஷமாக நடந்த கல்யாணம் முக்கால்வாசி உள்ளே இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுச் சம்மதம் கேட்டார். ஒருத்தரும் மறுக்கவில்லை. கேட்காமல் விட்டவர்கள்தான் கோபித்துக்கொண்டார்கள்.

ஆனால் கல்யாண வீடியோ முழுக்கப் பின்னணியில் சினிமாப் பாட்டு. முதலாளி அலறி, பாட்டையெல்லாம் பிடுங்கச் சொன்னார். பிடுங்கிய பிறகு பார்த்தால் தொட்டி மீன்கள் மாதிரி எல்லோரும் வாயைத் திறந்து மூடினார்கள். "நீயே பேசிப்புடு" என்றார். அப்படித்தான் நான் கல்யாணங்களுக்கு வர்ணனை சொல்ல ஆரம்பித்தேன். "இதோ மணமகனின் சித்தப்பா, மொய் எழுதும் மேசையை நெருங்குகிறார், தயங்குகிறார், திரும்பிவிட்டார்."

ஊர் கிறுக்குப் பிடித்ததுபோல் பார்த்தது. டீக்கடைகளில் சீரியலை நிறுத்தினார்கள். "நேத்து பந்தி பாதியில நிறுத்திட்டீங்களே, கடைசி வரிசைக்கு பாயசம் வந்துச்சா இல்லையா?" என்று ஒருவர் போனில் சண்டைக்கு வந்தார். ஒரு பாட்டியம்மா, "அந்தப் பச்சப் பொடவக்காரி வந்ததுலேர்ந்து சிரிக்கவே இல்லியே, என்னா கஷ்டமோ, கொஞ்சம் கேட்டுச் சொல்லு சாமி" என்றார். எட்டு வருஷத்துக்கு முந்தைய கல்யாணம் அது. நானும் விசாரித்துச் சொன்னேன். செருப்பு கடித்திருக்கிறது.

இப்படியே போய் ஒருநாள் முதலாளி, "ஒன்னோடதும் நாமதான எடுத்தோம்" என்றார்.

எனக்குச் சம்மதமில்லை. காரணம் என் அண்ணன். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து சாம்பார் வாளி வரைக்கும் அவன்தான். இப்போது எங்களுக்குள் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. அவன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, எங்களை நேரில் வந்து அழைக்காமல் பத்திரிகையைச் செல்போனில் படமாக அனுப்பிவிட்டான். என் வீட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, போகவில்லை. கூடப் பிறந்தவள் வந்து பால் காய்ச்சவில்லையே என்று அவனுக்கு ரோஷம். இரண்டு ரோஷத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது என் மகளின் காது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படிக் காது குத்துவது? பள்ளிக்கூடம் போகிற பெண், இன்னும் பசை தடவிய ஒட்டுக் கம்மலோடு போய்க்கொண்டிருந்தாள். அதுவும் மத்தியானத்துக்குள் ஒன்று விழுந்துவிடும். சாயங்காலம் அவள் ஒற்றைக் கம்மலோடு வந்து நிற்கும்போதெல்லாம் எனக்கு அண்ணன்மேல் பற்றிக்கொண்டு வரும். அவன் வந்து நின்றுவிட மாட்டானா என்றும் இருக்கும்.

வீட்டில் சொன்னால் தடுப்பார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் சந்தோஷத்தில் குதித்தார். அந்தக் காலத்தில் அவருக்கு முடி இருந்தது. அத்தைக்கோ, தங்கள் பக்கத்து ஜனம் எத்தனை வேனில் வந்தது என்று ஊர் பார்க்க வேண்டும். ஆக, என் கல்யாணம் ஓடியது. மற்றவர்களின் சித்தப்பாக்களை எல்லாம் சரளமாக வர்ணித்த எனக்கு, அண்ணன் பொரி அள்ளிக் கொடுக்கிற இடம் வந்ததும் அவனை என்னவென்று சொல்வது என்று குழப்பம். அண்ணன் என்று சொல்ல ரோஷம், சொல்லாமல் விட மனசில்லை. "இவர் மணமகள் வீட்டைச் சேர்ந்தவர்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை ஸ்டூடியோ மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது. என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் முதலாளியிடம், "அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. என் மூஞ்சியக் காட்ட யாரு உரிமை குடுத்தது?" என்றான். அந்தம்மாவாகிய நான் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். உரிமை என்ற சொல் காதில் விழுந்ததும் முதலாளி வெளிறிப்போனார். "எடுத்துடும்மா, மொதல்ல அவரு மூஞ்சிய எடுத்துடு."

எடுத்தேன். அவன் முகம் வருகிற இடமெல்லாம் மங்கலாக்கினேன். கோபத்தில் கொஞ்சம் தாராளமாகவே செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலையிலிருந்து தினமும் என் கல்யாணத்தில் தலைக்குப் பதிலாக ஒரு புகை மூட்டம் மாப்பிள்ளையைக் கைபிடித்து அழைத்து வந்தது, பொரி கொடுத்தது, பந்தியில் சாம்பார் ஊற்றியது. அவசரத்தில் ஒரு வாழைக்குலையும் மங்கலாகியிருந்தது.

போன் ஓயவில்லை. "யாருங்க அது, கேஸ்ல மாட்டுனவரா?" "வாழக்கொல என்னா தப்புப் பண்ணுச்சு?" அன்று அந்தப் பந்தியில் சாப்பிட்ட ஒருவர், "சாம்பார்ல ஏதாச்சும் கலந்துட்டாரா? நான் ரெண்டு தடவ வாங்கி ஊத்திக்கிட்டேனே" என்று நடுங்கினார். இத்தனை வருஷம் கழித்து. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அண்ணனுக்கு உரக்கடை. மூஞ்சி மறைந்தாலும் நடையை எப்படி மறைப்பது? கடைக்கு வந்தவர்கள் எல்லாம் அடையாளம் கண்டுபிடித்து, "டிவில மறைச்சுக் காட்டறாங்களே, இந்தப் பூச்சி மருந்து ஒரிஜினல்தானுங்களே?" என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

நான்காம் நாள் திரும்பவும் செருப்புச் சத்தம். "என் மூஞ்சியத் திருப்பி வெக்கச் சொல்லுங்க."

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "வெச்சாலும் சண்ட, எடுத்தாலும் சண்ட. நீங்களே பக்கத்துல ஒக்காந்து எங்கெங்க வேணும்னு சொல்லிடுங்க" என்று அவனுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். மூன்று வருஷத்துக்குப் பிறகு நாங்கள் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தோம், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு. நான் மங்கலை ஒவ்வொன்றாக நீக்கினேன். "அது நான் இல்ல, பெரியப்பா" என்றான் கம்ப்யூட்டரிடம். பொரி இடம் வந்தது. என் வர்ணனை கேட்டது.

"மணமகள் வூட்டச் சேர்ந்தவரா?" சட்டென்று என் பக்கம் திரும்பினான். "அப்ப நான் யாரு? சமையக்காரனா?"

"வேற என்னான்னு சொல்றது? நீதான் என்ன அந்தம்மான்னு சொல்றியே!"

பிறகு நடந்ததை வர்ணிக்க முடியாது. மூன்று வருஷத்துக்கும் சேர்த்துக் கத்தினோம். செல்போன் பத்திரிகை, பால் காய்ச்சாதது, என் வளைகாப்பில் அண்ணிக்கு முதல் வரிசையில் நாற்காலி போடாதது வரை வந்தது. மைக் ஆனாகி நேரலையில் போகிறதோ என்று முதலாளி ஓடிப்போய் எல்லா ஒயரையும் உருவினார். கொஞ்ச நேரம் அரூருக்கே எங்கள் சேனல் வரவில்லை.

கத்தி முடித்து இருவரும் மூச்சு வாங்கினோம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"புள்ளைக்குக் காது குத்தியாச்சா?"

"யாரு மடியில ஒக்கார வெச்சுக் குத்தறது?"

"கூப்புட்டாத்தான வர முடியும்."

"இப்பக் கூப்புடறன். வாண்ணா."

"இங்கியா? கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்துகிட்டா?" எழுந்து சட்டையை உதறினான். "மொறைன்னு ஒன்னு இருக்குதில்ல? வூட்டுக்கு வந்து கூப்புடு."

கீபோர்டால் ஒரு போடு போடலாமா என்றிருந்தது. இருந்தாலும் அன்று சாயங்காலமே வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு, தட்டில் பழம், பூ, வெற்றிலை பாக்கோடு, மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அண்ணன் எங்களுக்கு முன்னால் கடையை மூடிவிட்டுப் போய், சலவை வேட்டி கட்டி, கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். காலையில் தொண்டை கிழிய என்னோடு கத்திய அதே ஆள், "வாங்க மாப்ள, வாம்மா, எவ்ளோ நாளாச்சு பாத்து!" என்றான். குரலில் துளி நடிப்பு இல்லை. தட்டை நீட்டினோம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அவன் சொன்னான்: "எதுக்கு மாப்ள இவ்ளோ சிரமம்? ஒரு போன் அடிச்சிருந்தா வந்திருக்க மாட்டனா?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். காலை மிதித்தேன். மூடிக்கொண்டார்.

எங்கள் இருவருக்கும் நடுவில் நின்ற மகள் அண்ணனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் கடைசியாகப் பார்த்துக்கொண்டபோது அவள் கைக்குழந்தை. அந்த வாரம் டிவியில் மங்கலாகப் பார்த்ததுதான் அவளுக்குத் தெரிந்த மாமன். மெல்ல அவன் பக்கத்தில் போய்த் தலையை நிமிர்த்தி, கன்னத்தைத் தொடக் கையை உயர்த்தினாள். எட்டவில்லை. அவன் குனிந்தான்.

"அம்மா, மாமாவுக்கு மூஞ்சி இருக்குதும்மா" என்றாள்.

அண்ணன் தட்டை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, புது வீட்டு வாசற்படியிலேயே, சலவை வேட்டி அழுக்காவதைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்து, அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.