யோசெப்பினின் பச்சைக் கமோமே

2005 ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் அங்காடிக்குள் பாலும் பாணும் வாங்கிக்கொண்டு வெளியே வந்த யோசெப்பின், தன் சைக்கிளுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நிற்பதைக் கண்டாள். ஒருத்தி பொலிஸ் சீருடையில் இருந்த இளம் பெண். மற்றவர் எழுபது வயதைத் தாண்டிய, நெட்டையான நோர்வேக்காரர். அவர் சைக்கிளின் இருக்கையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"இது என் மனைவியின் சைக்கிள்" என்றார் அவர்.

அவர் பெயர் ஹால்வர். இரண்டு வருடங்களுக்கு முன் அவர்களுடைய கட்டிடத்து நிலவறையிலிருந்து அது களவு போயிருந்தது. அடுத்த குளிர்காலத்தில் மனைவியும் இறந்துபோனார். சைக்கிள் வாங்கிய ரசீதை அவர் பத்திரமாக வைத்திருந்தார். ரசீதில் இருந்த பிரேம் இலக்கம் 40713. பொலிஸ்காரி சைக்கிளைக் கவிழ்த்து, பெடலுக்கு அடியில் குத்தியிருந்த இலக்கத்தை டோர்ச் அடித்துப் பார்த்தாள். முதல் நான்கும் தெளிவாக இருந்தன. கடைசி இலக்கத்தில் பாதியைத் துரு தின்றிருந்தது.

"மூன்று மாதிரித்தான் இருக்கிறது" என்றாள் அவள்.

யோசெப்பின் அந்தச் சைக்கிளைப் போன வருடம் எல்லிங்ஸ்ருட் பாடசாலை மண்டபத்தில், வாத்தியக்குழுவுக்குப் பணம் சேர்க்க நடந்த பழைய பொருட்சந்தையில் வாங்கியிருந்தாள். பழைய பாத்திரங்களுக்கும் பனிச்சறுக்குச் சப்பாத்துகளுக்கும் நடுவே நின்ற சைக்கிள். யார் விற்றார்கள், யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? அந்தச் சந்தையில் ரசீது கேட்பவர் எவரும் இல்லை. அவளும் கேட்கவில்லை.

சைக்கிளைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் அது போனதைவிட அவளை வாட்டியது வேறு. யோசெப்பின் யாழ்ப்பாணத்துப் பாஷையூரிலிருந்து 1988இல் வந்தவள், வயது நாற்பத்தாறு. பதினோரு வருடங்களாக முதியவர்களின் வீடுகளுக்குப் போய் உதவும் வேலை. காலையில் அம்மருட் அடுக்குமாடிகளில் தொடங்கி, மத்தியானத்துக்குள் எட்டு வீடு. ஒருவருக்குக் காலுறை போட்டுவிட வேண்டும், ஒன்பதாம் மாடிக் கிழவிக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். கதவுக்கு எழுந்து வர முடியாதவர்கள். அதனால் எட்டு வீட்டுச் சாவியும் அவள் இடுப்பில்தான் இருக்கும்.

மறுநாள் காலை மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

"நான் உன்னைச் சந்தேகப்படவில்லை, யோசெப்பின். ஆனால் களவு வழக்கு என்று ஒன்று இருக்கும்போது சாவியை உன் கையில் விட எனக்கு அனுமதி இல்லை. இது முடியும் வரைக்கும் சமையலறையில் வேலை செய்."

யோசெப்பின் சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள். அன்றிலிருந்து உருளைக்கிழங்கு உரித்தாள், தட்டுக் கழுவினாள். கூட வேலை செய்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாம். கேட்காமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் கணவன் லூர்துவுக்கு முன்னால் அவள் அழுதாள்.

"ஏன் அழுறீர்? நீர் களவெடுத்தனீரே?"

"இல்லை."

"பிறகென்ன?"

"அது எனக்கும் உங்களுக்கும்தானே தெரியும். அந்த ஒன்பதாம் மாடி மனுசிக்கு என்ன சொல்லியிருப்பினம்? யோசெப்பின் ஏன் வரேல்லை எண்டு கேட்டிருக்கும்."

லூர்து மெட்ரோ ரயில் பெட்டிகளைத் துப்புரவு செய்யும் வேலையில் இருந்தான். அதற்கு முன் யாழ்ப்பாணத்து அரச அலுவலகமான கச்சேரியில் ஒன்பது வருடம் எழுதுவினைஞன். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியும் என்பது அவனுடைய பெருமை. ஒஸ்லோவில் அதற்கு இதுவரை ஒரு வேலையும் வந்ததில்லை. சைக்கிளின் முன்பக்கத்தில் 'சுகிமோரி' என்று ஒரு பித்தளைத் தகடு இருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. நூலகத்துக் கணினியில் தேடினான். ஒசாகாவுக்குத் தெற்கே ஒரு சிறு பட்டறை. படத்தில் நான்கு பேர். ஒரு மின்னஞ்சல் முகவரி. "பெருமதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி, நடந்ததை எல்லாம் எழுதி அனுப்பினான்.

பதினாறு நாள் பதில் இல்லை. பதினேழாம் நாள் மூன்று பக்கத்தில் வந்தது. எழுதியவர் அகிகோ சுகிமோரி. அவருக்கு எழுபத்தொரு வயது; மகன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தான். லூர்து அதை அச்செடுத்து வந்து, சமையலறை மேசையில் வைத்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனான்.

அகிகோவின் தகப்பன் 1947இல் தொடங்கிய பட்டறை அது. முதலில் செய்த சைக்கிளுக்குப் பெயரே இல்லை. ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மற்றத் தோளில் நூடில்ஸ் தட்டுகளை அடுக்கிக்கொண்டு போகிற கடைக்காரர்களுக்காகச் செய்தது. கனமானது, உடையாது. அடுத்தது 'சுபாமே', தகைவிலான் குருவியைப் போல இலேசானது என்று தகப்பன் வைத்த பெயர். தூரப் பயணம் போகிறவர்களுக்கு 'சுரு', கொக்கு.

"இதென்ன, சரித்திரம் எழுதியிருக்கிறா!" என்றான் லூர்து. "இலக்கத்தைப் பற்றிக் கேட்டா…"

"வாசியுங்கோ. அவா ஏதோ சொல்ல வாறா."

நான்காவதுதான் 'கமோமே', கடற்புறா. அது அகிகோ வரைந்தது. பாவாடை உடுத்திக்கொண்டு மற்றச் சைக்கிள்களில் ஏற அவருக்குச் சரிவரவில்லை. குறுக்குக் குழாயைத் தாழ்த்தி வரைந்து தகப்பனிடம் காட்டினார். தகப்பன் சிரித்தார். ஒரு வருடம் கழித்துச் செய்து பார்த்தார். வடக்கு ஐரோப்பாவுக்குப் போன சுகிமோரிகளில் பாதிக்கு மேல் கமோமேதான். 1979இல் ஒஸ்லோவுக்குப் பதினொரு பச்சைக் கமோமே போயின, எல்லாம் ஒரே அளவு. பிறகு யென் விலை ஏறியதும் ஏற்றுமதி நின்றது. இப்போது குடும்பத்தில் நான்கு பேர், வருடத்துக்கு நாற்பது சைக்கிள்.

மூன்றாம் பக்கத்தில் லூர்து நிறுத்தினான். பிறகு மெதுவாக வாசித்தான்.

அந்தக் காலத்தில் குழாய்களைப் பித்தளை உருக்கி ஒட்டுவது ஆண்கள் வேலை. அகிகோவும் ஒட்டினார். ஆனால் தகப்பன் பதிவேட்டில் எல்லாவற்றையும் அண்ணன் பெயரில் எழுதினார். வாங்குகிறவர்கள் பெண் செய்தது என்றால் நம்பமாட்டார்கள் என்று சொன்னார். அகிகோ வாதாடவில்லை. தான் ஒட்டிய ஒவ்வொரு சைக்கிளிலும், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் குழாயில், பிரேமுக்குள்ளே மறைந்துவிடும் இடத்தில், சின்ன இலை ஒன்றைக் குத்தினார். அந்த இலக்கங்களைத் தனிக் கொப்பியில் எழுதி வைத்தார். 40713 அண்ணன் செய்தது. அதில் இலை இருக்காது. பாதி அழிந்தால் மூன்றாகத் தெரியக்கூடிய 40718, ஒஸ்லோவுக்குப் போன அதே பதினொன்றில் ஒன்று; அதை ஒட்டியது அகிகோ. ஃபோர்க்கைக் கழற்றிப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

யோசெப்பின் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். பிறகு, "இலை இல்லாட்டி?" என்றாள்.

"இல்லாட்டி அது அந்தாளின்ரை சைக்கிள். குடுத்திட்டு, தெரியாமல் வாங்கினனாங்கள் எண்டு சொல்லுவம். எதெண்டாலும் இண்டையோடை தெரிஞ்சிடும்."

அன்றைக்கே தெரியவில்லை, பொலிஸ் நிலையத்தில் நாள் கொடுக்க இன்னும் ஆறு நாள் எடுத்தது. ஜூன் முதல் வெள்ளிக்கிழமை, நிலையத்தின் பின்முற்றத்தில், பக்கத்துக் கடைச் சைக்கிள் திருத்துநர் ஹாண்டிலைக் கழற்றினார். ஹால்வரும் வந்திருந்தார். அதே பொலிஸ்காரி கடிதத்தின் பிரதியைக் கையில் வைத்திருந்தாள். இருபத்தாறு வருடத்து கிரீஸ் இறுகிப்போயிருந்தது. திருத்துநர் மரச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி ஃபோர்க்கை உருவி எடுத்து, துணியால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

யோசெப்பின் முற்றத்து வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"இங்கே ஒன்று இருக்கிறது" என்றார் அவர்.

நகக்கண் அளவுதான். நடு நரம்போடு ஓர் இலை. பொலிஸ்காரி குனிந்து பார்த்தாள், படம் எடுத்தாள், பிறகு நிமிர்ந்து, "எட்டு" என்றாள். "மூன்றில்லை, எட்டு. இடது பக்கத்தைத் துரு தின்றுவிட்டது."

லூர்து கையைத் தலையில் வைத்துக்கொண்டு தமிழில் ஏதோ சொன்னான். யோசெப்பினைத் தவிர ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனால் திருத்துநர் சிரித்தார்.

ஹால்வர் அந்த இலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யோசெப்பினிடம் வந்தார்.

"என்னை மன்னிக்க வேண்டும். நிறத்தைக் கண்டதும் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை."

"உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் பொலிசைத்தான் கூப்பிட்டிருப்பேன்" என்றாள் யோசெப்பின். அது உண்மைதான் என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. ஐந்து வாரமாக அந்த மனிதர் மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தாள். அது எங்கேயோ போயிருந்தது.

"உங்கள் வேலையிடத்துக்கு நானே போய்ச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். பொலிஸ் கடிதம் போதும்."

கடிதம் போவதற்குள் பொலிஸ்காரி தொலைபேசியில் சொல்லிவிட்டாள். மத்தியானமே மேலதிகாரி கூப்பிட்டு, திங்கட்கிழமை சாவியை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள். கொஞ்சம் தயங்கி, "ஒன்பதாம் மாடிக்காரி உனக்குக் காய்ச்சல் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை" என்றாள்.

யோசெப்பின் தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். முதல்நாள் சோறும் மீன்குழம்பும் இருந்தன. சூடாக்கவும் இல்லை, நின்றபடியே ஒரு கோப்பை சாப்பிட்டு, இன்னும் ஒரு கோப்பை போட்டுக்கொண்டாள்.

"மெல்ல, மெல்ல" என்றான் லூர்து.

"பசிக்குது" என்றாள் அவள், வாய் நிறையச் சோற்றோடு. பிறகு சோபாவில் சாய்ந்தவள், வெயில் ஜன்னலில் அடித்துக்கொண்டிருக்க, சப்பாத்தையும் கழற்றாமல் நித்திரையாகிப்போனாள்.