இருபத்தொரு தட்டு

வில்லாபுரத்தில் முத்துத்தாயின் வீட்டைத் தேடி வருகிறவர்களுக்குக் கதவு எண் தேவையில்லை. தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே எந்த வீடு கல்யாண மண்டபம் மாதிரி மின்னுகிறதோ, அதுதான் அவள் வீடு. வாசலில் பிளாஸ்டிக் தோரணம், மாடிச் சுவரில் சீரியல் பல்பு, கதவில் தெர்மாகோல் பானை, படியில் ஸ்டிக்கர் கோலம். தல்லாகுளத்தில் ஒரு டைப்பிங் சென்டரில் நாளெல்லாம் பிறத்தியார் பத்திரங்களை அடித்துவிட்டு வருகிறவள், வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிவிடுவாள். ஒருமுறை ஸ்டூலோடு விழுந்து ஒரு வாரம் படுத்துக் கிடந்தும் புத்தி வரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, நாத்தனாருக்குக் கொண்டுபோகும் பொங்கல் சீர். கணவன் காசிமாயனுக்கு ஒரே தங்கை பாண்டிமீனா. பரவையில் மருதுவுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்பா அம்மா இல்லாத பெண். பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது இந்த அண்ணன் வீடு ஒன்றுதான். மதினிக்காரி வந்ததும் தங்கச்சியைக் கழற்றிவிட்டான் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாது என்பதில் முத்துத்தாய் குறியாக இருந்தாள். முதல் பொங்கலுக்கு ஐந்து தட்டு கொண்டுபோனாள். அப்புறம் ஏழு, ஒன்பது என்று ஏறி, போன தைக்கு இருபத்தொன்றில் வந்து நின்றது. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடித் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, குட்டியானை வண்டியில் கொண்டுபோய் இறக்கியபோது பரவையில் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

இத்தனை செய்தும் ஒரு நல்ல நாளுக்குப் பாண்டிமீனா வில்லாபுரம் வந்ததில்லை. கேட்டால், மாமியாருக்கு முடியவில்லை என்பாள்.

இந்த மார்கழிக் கடைசியில் அவளே போன் போட்டாள்.

"மதினி, இந்தப் பொங்கலுக்கு நாங்க திருச்செந்தூர் போறோம். வீணா அலைய வேணாம்னு அண்ணங்கிட்டச் சொல்லிருங்க."

முத்துத்தாய்க்கு முகம் செத்துப்போனது. பொங்கலன்று வீட்டைப் பூட்டிவிட்டு யாராவது ஊருக்குப் போவார்களா? சீர் வேண்டாம் என்றால் உறவே வேண்டாம் என்றுதானே அர்த்தம்? அன்று அவள் அடித்த பத்திரத்தில் கிழக்கு எல்லை மேற்காகவும், மேற்கு எல்லை கிழக்காகவும் மாறிக் கிடந்தது.

"தட்டு பத்தலையோ? முப்பத்தொண்ணா ஆக்கிருவமா?" என்று கணவனைக் குடைந்தாள்.

"அது தட்டை எண்ணுற பிள்ளை இல்ல முத்து," என்றான் காசிமாயன். அதற்கு மேல் அவனுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் பரவைக்கு பஸ் ஏறினாள். உண்மையைச் சொன்னால், சண்டை போடத்தான் போனாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பாண்டிமீனா பதறி எழுந்தாள்.

"நான் என்ன குறை வச்சேன்? மூஞ்சிக்கு நேராச் சொல்லிரு."

பாண்டிமீனா கையிலிருந்த கீரையைக் கீழே போட்டாள். பிறகு வலது கையை நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கறுப்புக் கறுப்பாகத் தழும்பு.

"போன பொங்கலுக்கு அதிரசம் சுட்டப்ப எண்ணெய் தெறிச்சது மதினி. நீங்க கொண்டாந்த தட்டை வெறுசாத் திருப்பித் தர முடியுமா? இருபத்தோரு தட்டுலயும் எதாச்சும் வச்சுத்தான அனுப்பணும். எங்க அத்தை ஒத்தத் தட்டு வெறுசாப் போகக்கூடாதுன்னு நிக்கிறாக. மூணு நாளா அடுப்படியிலயே கெடந்தேன். எங்கண்ணன் வந்து எம்புட்டு நேரம் இருந்துச்சு, என்ன பேசுச்சு, ஒண்ணும் தெரியாது. வண்டில ஏறுனப்பதான் அது மூஞ்சியவே பாத்தேன்."

பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக்கூட ஒரு கை சர்க்கரை போடாமல் திருப்பித் தராதவள் முத்துத்தாய். அவளுக்கா இது தெரியாது? திரும்பி வந்த தட்டுகளைப் பார்த்து, நாத்தனாருக்கு எவ்வளவு ஆசை என்று பூரித்து ஸ்டேட்டஸ் வேறு வைத்திருந்தாள். அவமானமாக இருந்தது. அதைவிடப் பாவமாக இருந்தது. நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, கழுத?"

"சீரைக் குறைங்கன்னு எந்த வாயால சொல்றது?"

திருச்செந்தூர் பயணம் அங்கேயே ரத்தானது.

போகிக்கு முந்தின நாள் முத்துத்தாயும் காசிமாயனும் பைக்கில் போனார்கள். ஒரு துணிப்பை. அதில் பச்சரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து, ஒரு நூல் சேலை. பாண்டிமீனாவின் மாமியார் வண்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தட்டெல்லாம் பின்னாடி வருதா?"

"தட்டே இல்ல பெரியம்மா. பையையும் திருப்பித் தர வேணாம், உங்களுக்குத்தான்," என்றாள் முத்துத்தாய்.

கிழவி சற்று முறைத்தார். பிறகு, "நல்லதாப் போச்சு. எண்ணெய்ச் சட்டி முன்னாடி நானும்ல வெந்தேன்," என்று உள்ளே நகர்ந்துகொண்டார். அண்ணனும் தங்கையும் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சில் முக்கால்வாசி ஒன்றுமில்லாத பேச்சு. காசிமாயன் அவ்வளவு சிரித்து முத்துத்தாய் பார்த்ததில்லை.

கிளம்பும்போது பாண்டிமீனா பைக் கண்ணாடியைத் தடவிக்கொண்டே நின்றாள். "மதினி, மாட்டுப் பொங்கலுக்கு நாங்க அங்க வரவா? நீங்க அம்புட்டுச் செய்றப்ப வெறுங்கையோட எப்படி வர்றதுன்னுதான் இம்புட்டு நாளா வராம இருந்தேன்."

"கையை வீசிக்கிட்டு வாத்தா," என்றாள் முத்துத்தாய்.

இந்த வருசக் கவலையில் இறக்காமலே கிடந்த தோரணப் பெட்டிகளைப் பரணிலிருந்து எடுக்கப் போகியன்று ஸ்டூல் வரை போனவள் திரும்பிவிட்டாள். வீடு மண்டபமாக மின்னினால் வருகிறவள் மறுபடி கூசிப்போவாளே. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூவைச் சேர்த்து வாசலில் ஒரே ஒரு கொத்து செருகினாள். பொங்கல் விடிய அரிசிமாவில் கோலம் போட்டாள். எதிர்வீட்டுத் தமிழ்வாணி தயங்கித் தயங்கி வந்து, "என்னக்கா, லைட்டக் காணோம். சொந்தத்துல எதுவும் கேதமா?" என்று விசாரித்தாள்.

"எல்லாரும் நல்லாருக்காக. கோலத்தை மிதிக்காமப் போ."

மாட்டுப் பொங்கலன்று பதினொரு மணிக்கு மருதுவின் வண்டி வந்து நின்றது. பாண்டிமீனா புருசனுக்கு முன்னால் இறங்கினாள். கையில் பூ இல்லை, பழம் இல்லை, ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட இல்லை. யாரும் 'வா' என்று சொல்லும் வரை காத்திருக்காமல் நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தாள்.

"பசிக்குது மதினி. சோத்தைப் போடுங்க."