கிணற்றுக்குப் போகாத செப்புப் பட்டை

போன வியாழக்கிழமை எங்கள் ஊர்க் கோயில் கோபுரத்திலிருந்து இடிதாங்கியைக் கழற்றி இறக்கிவிட்டார்கள். அதற்குக் காரணம் நான்தான் என்று ஊரில் பேச்சு. நடந்ததைச் சொல்கிறேன்... நீங்களே முடிவு செய்யுங்கள்.

தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். எலெக்ட்ரிக் விளக்கு இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் ஐப்பசி பிறந்தால் எலெக்ட்ரிசிட்டி தவறாமல் வந்துவிடும் — வானத்திலிருந்து, இலவசமாக!

எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்குப் புதுக் கோபுரம் எழும்பியதும், கமிட்டித் தலைவர் சாலமோன் அண்ணாச்சி உச்சியில் ஓர் இடிதாங்கி நட்டார். கருப்பட்டி மொத்த வியாபாரி, தாராளமான மனிதர். ஹைஸ்கூலில் சயன்ஸ் நடத்துகிறவன் என்று என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

பார்த்தேன். சுவரோடு இறங்கிய செப்புப் பட்டை காய்ந்த கருங்கல் மேடையோடு நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, இது ஈர மண்ணுக்குப் போகணும். பக்கத்துக் கிணத்துக்குள்ள இறக்கிட்டா ரொம்ப நல்லது."

"இடிய கிணத்துக்குள்ள விட்டுட்டு, தண்ணிய எவன்வே குடிப்பான்?"

சுற்றி நின்ற கமிட்டியார் எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. கரண்ட்டைத் தடையால் பெருக்கினால் மின்னழுத்தம். காய்ந்த கல்லில் தடை அதிகம். அப்படியானால் அழுத்தமும் அதிகம். பூமிக்குள் இறங்க வழி இல்லாத மின்னல் சும்மா நிற்குமா? பக்கத்தில் எந்த இரும்பு கிடைக்கிறதோ அதன்மேல் தாவும். வகுப்பில் பையன்களுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

"பெருக்கல் கணக்கப் பள்ளிக்கூடத்தோட வச்சுக்கிடும் வே" என்றார் அண்ணாச்சி.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். பொதிகைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஜெபத்துக்கு மணி அடிக்க வேண்டிய நேரம். மணியடிக்கிற மாசிலாமணி கோபுரத்தடியில் நின்று மணியின் இரும்புச் சங்கிலியைப் பிடித்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம்... அப்புறம்தான் சத்தம்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். பட்டை நின்ற இடத்திலிருந்து சங்கிலி வரைக்கும் சுவர்க் காரை பெயர்ந்து கிடந்தது. சங்கிலிக்குக் கீழே மாசிலாமணி. மணி மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாளே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. கோயிலுக்குள்ளேயே இடி விழுந்து செத்தான் என்றால், ரகசியப் பாவம் ஏதோ இருக்கிறது! மாசிலாமணியின் மனைவி அன்னம்மாள் தண்ணீர் எடுக்கப் போனால் மற்றப் பெண்கள் குடத்தோடு ஒதுங்கினார்கள்.

அன்னம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை.

"ஐயா, படிச்சவுக நீங்க சொல்லுங்க. அவுக என்ன பாவம் செஞ்சாக?"

"ஒரு பாவமும் செய்யலம்மா. கம்பி பூமிக்குள்ள போகல. அதான்."

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அங்கன கமிட்டியில வந்து சொல்லுங்க."

கமிட்டியில் எழுந்து சொன்னேன். அண்ணாச்சியின் முகம் சிவந்தது.

"அப்போ நாங்கதான் கொன்னுபோட்டோம்னு சொல்லுதீரா?"

"கம்பி பாதியில நின்னுபோச்சுன்னு சொல்லுதேன், அண்ணாச்சி."

பிறகு ஒருவர் பைய ஆரம்பித்தார்: "கம்பிதான இடிய இழுத்துட்டு வந்திருக்கு? கழட்டிப் போட்டிருவோம்." அண்ணாச்சிக்கு மூச்சு வந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கிணறு வரை மண்ணைத் தோண்டுவோம் என்று நான் கத்தியது ஒரு காதிலும் ஏறவில்லை. நிரபராதி என்று ஒரு மனிதனுக்காகப் பேசப் போனேன். குற்றவாளி இடிதாங்கி என்று எழுதிக்கொண்டார்கள்!

அன்னம்மாளின் பழியாவது நீங்கியதா? அதுவும் இல்லை. "கம்பியே இழுத்திருக்கட்டும்... அந்நேரம் பார்த்து அவன் கையில ஏன் இறங்கணும்?" என்கிறார்கள். இதற்கு எந்த ஃபார்முலாவில் பதில் தேடுவது? உடன்குடியில் இருக்கும் தம்பி வீட்டுக்கே அவள் போய்விட்டாள்.

கோபுரம் இப்போது மொட்டையாக நிற்கிறது. மேகம் கறுத்தால் கமிட்டியார் ஒருவரும் அதனடியில் நிற்பதில்லை — சயன்ஸ் அந்த மட்டுக்கும் புரிந்துவிட்டது!