நாலாகப் பிரித்த பூகோளம்

பள்ளிப் பரீட்சையன்று காலை பத்தேகால் மணிக்குத்தான் காரியம் கெடத் தொடங்கியது. கிள்ளான் ரயில் ஊதிக்கொண்டு நான் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸைக் கடக்கிற நேரம், அதனால் மறக்கவில்லை. இத்தனை வருஷம் அடங்கிக் கிடந்த அந்த ஊதலை இன்று என் மகள் எழுப்பிவிட்டாள்.

அவள் வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர், பிள்ளைகளை நாலு நாலு பேராக உட்காரவைத்து, பாடத்தைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறாராம். ஆளுக்கு ஒரு பங்கைப் படித்துவந்து மற்ற மூவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, நான் படிச்சது எல்லாத்தையும் அவங்களுக்குச் சொல்லிடணுமா?"

நான் எழுந்து கிணற்றடிக்குப் போய் நின்றேன். நாற்பதைத் தாண்டிய ஆள், கவர்மெண்டு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேறு. பிள்ளையின் ஒரு கேள்விக்குப் பயந்து கிணற்றடியில் நிற்கிறேன்!

அவள் புத்தகத்தில் பசை வாசனை. எங்கள் புத்தகத்தில் செங்கல் சூளையின் புகை வாசனைதான் அடிக்கும். அந்நாளில் பிரிக்பீல்ட்ஸில் சோற்றை முகர்ந்தாலும் சூளைதான். ரயில்வே வீடுகளுக்குப் பின்னால் எங்கள் சின்ன இங்கிலீஷ் பள்ளி. புத்தகம் போதாது. யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒரு பூகோளப் புத்தகத்தைத் தையல் பிரித்து நாலாக்கி, எங்கள் பெஞ்சுக்காரர்கள் நாலு பேரிடமும் கொடுத்தார்.

"ஒருத்தன்ர பாடம் நாலு பேருக்கும் பாடம். விளங்குதோ?"

எனக்கு மலைகள். சூசைக்கு ஆறுகள். ஆ லோக் என்ற சீனப் பையனுக்குத் துறைமுகங்கள். என் உயிர்த் தோழன் மாணிக்கத்துக்குக் கடலும் காற்றும். மாலையானால் சூளைக்குப் பக்கத்தில் கூடுவோம். நான் பாடம் சொல்கிற அழகே தனி.

"டேய், இமயமலைய இப்படி இழுத்து இழுத்துச் சொன்னா அது இன்னும் வளந்துடும்லா!" என்பான் சூசை.

"சுடா, சுடா! போதும், அடுத்த மல சொல்லு" என்பான் ஆ லோக்.

மாணிக்கம் மட்டும் கேலி செய்யமாட்டான். தன் முறை வந்தால் பொறுமையாக, எனக்குப் புரியும்வரை காற்றுகளைச் சொல்லித் தருவான்.

டவுனில் இருந்த பெரிய பள்ளியில் எங்கள் வகுப்புக்குச் சம்பளம் கட்டாமல் படிக்கிற இடம் ஒன்றே ஒன்று. யாருக்குக் கிடைத்தாலும் அது பெஞ்சுக்கே கிடைத்த மாதிரி என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். "கெடச்சா படி. கெடைக்கலேன்னா என்கூட லைன் வேலைக்கு வந்துடு" என்று சொல்லியிருந்தார்.

பரீட்சை வைக்கப் பெரிய பள்ளியின் துரையே வந்தார். எல்லாம் வாய்க்கேள்வி. தவறினவன் உட்கார வேண்டும். கடைசியில் மாணிக்கமும் நானும்தான் நின்றோம். சூசையின் ஆறுகளும் ஆ லோக்கின் துறைமுகங்களும் என் வாயிலிருந்து தண்ணீர்பட்ட பாடாக வந்துகொண்டிருந்தன.

துரை என்னைக் கேட்டார்: கடல் ஏறுவதும் வற்றுவதும் எதனால்?

தலைக்குள் துழாவினேன். மாணிக்கம் சொல்லித் தந்ததில் அது இல்லவே இல்லை. அவனுடைய பங்கிலும் இருக்காது, பாவம், அவனும் மாட்டப்போகிறான் என்று அவனுக்காக இரக்கப்பட்டேன். அப்போதுதான் ரயில் ஊதியது.

மாணிக்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிலா இழுப்பதையும், பௌர்ணமியிலும் அமாவாசையிலும் கடல் கூடுதலாக ஏறுவதையும் நிறுத்தாமல் ஒப்பித்தான். என்னைப் பார்க்கவில்லை.

"இத நமக்குச் சொல்லவே இல்லையேடா இவன்!" என்றான் சூசை, வகுப்பே கேட்கும்படி. வாத்தியாருக்கும் கேட்டிருக்கும். அவர் எழுந்து போய் மாணிக்கத்தின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவனை நினைத்தால் வலிப்பதைவிட அந்தக் கையை நினைத்தால் அதிகம் வலிக்கிறது.

அப்பாவோடு லைன் வேலைக்குப் போனேன். பிறகு ராத்திரிப் பள்ளியில் படித்துத்தான் கிராணியானேன். இப்போது குடியிருப்பது கிள்ளானில். கடல் ஏறும்போது ஆறு நிரம்புவதையும் வற்றும்போது சேறு தெரிவதையும் தினமும் பார்க்கிறேன். காரணத்தை இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூளைகள் போய்விட்டன. பள்ளி இருந்த இடத்தில் ரயில்வே வீடுகள். சூசை காய்ச்சலில் போனான். ஆ லோக் குடும்பம் அம்பாங் ஈயலம்பத்தில் ஈயம் தோண்டப் போனதோடு சரி. ஒருவன் சொல்வதை முழுதென்று நம்பிக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் காதும் எனக்குப் போய்விட்டது. ஆபீஸில் யாராவது ஒரு விவரம் சொன்னால், இன்னும் எதை மறைக்கிறான் என்று அவன் வாயையே பார்க்கிறேன்.

மகளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நாளைக் காலை அவள் பள்ளிக்குப் போக வேண்டும்.

அந்தப் பரீட்சையன்று மாலை வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வாத்தியார் வந்து ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன், வரவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாணிக்கம்தான் வந்தான். முகத்தில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை.

"கோவமாடா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எங்கப்பாதான்டா, ஒரு பக்கத்த மட்டும் ஒனக்குன்னு வெச்சுக்க, யாருக்கும் சொல்லாதேன்னாரு." நிஜமான ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தான். "ஏன், உங்கப்பா உனக்கு அப்படிச் சொல்லலியா?"