வரைபடத்தில் பார்த்த ஏற்றம்

முப்பத்தொரு வருடம் சாலைத் துறையில் லெவல் பார்த்தவர் அவர். முக்காலியில் கருவியை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சாலை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று குறித்துக் கொடுப்பது வேலை. ஓய்வு பெற்ற மறு மாதமே, அறுபதைத் தாண்டியவர்களின் சைக்கிள் குழு ஒன்றில் சேர்ந்தார். பதினாலு பேர். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்குக் காது மந்தம், பாதிப் பேருக்கு முட்டி சரியில்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை நூறு கிலோமீட்டர் போகாவிட்டால் யாருக்கும் இருப்புக்கொள்ளாது.

பாதையில் மேடு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பானது. மேட்டுக்காரர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். குழு கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே தனியாகப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார். கைப்பிடியில் உயரம் காட்டும் சின்னக் கருவி, சட்டைப் பையில் நோட்டு. மொத்த ஏற்றம் இத்தனை மீட்டர் என்று யாராவது சொன்னால் அவருக்குச் சிரிப்பு வரும். அறுநூறு மீட்டரை நாள் பூராவும் பரப்பி வைத்தால் ஒன்றும் தெரியாது, களைத்து வரும் நேரத்தில் ஒரே இடத்தில் வைத்தால் நாக்குத் தள்ளிவிடும் என்பார். அவரிடம் மூன்றே தரம்தான். பேசிக்கிட்டே ஏறலாம். வாயை மூடிக்கிட்டு ஏறணும். இறங்கித் தள்ளணும்.

அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் அவருடைய மச்சான். மனைவியின் அண்ணன், மருந்துக்கடை வைத்திருந்தவர். இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மூச்சு வாங்காமல் ஓட்டுவதானால் ஓட்டலாம் என்பது டாக்டரின் உத்தரவு. அதனால் முதல் தரம் என்றால் மட்டும் வருவார். மற்ற மாதங்களில் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுவார்.

அந்த வருடம் மலைமேல் இருக்கும் ஏரிக்குப் போவதாக முடிவானது. நூற்றுப் பத்து கிலோமீட்டர்; கடைசி ஒன்பது ஏற்றம். பார்த்துவரப் போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமை மேட்டுக்காரரின் இடது முட்டி வீங்கிக்கொண்டது. குழுவிடம் சொல்லக் கூச்சம். முட்டி போனால் ஆளே போன மாதிரி பேசுவார்கள் என்று நினைத்தார். மகள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்தார். ஏற்றம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் சீராக இருந்தது. நூறு மீட்டர் போனால் நாலு மீட்டர் உயரம். நோட்டில் முதல் தரம் என்று எழுதினார்.

மச்சான் போனில் கேட்டார்: "நான் வரலாமா மாப்பிள்ளை?"

"தாராளமா வாங்க மச்சான்."

போகிற நாளுக்குள் முட்டி வீக்கம் வடிந்திருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு அவரும் கிளம்பினார். ஏற்றத்தின் மூன்றாவது கிலோமீட்டரில்தான் விஷயம் புரிந்தது. சாலை ஓர் ஓடைக்குள் விழுந்து எழுந்தது. கொஞ்ச தூரத்தில் மறுபடி விழுந்து எழுந்தது. இறங்கியதையெல்லாம் திரும்ப ஏற வேண்டும். வரைபடம் கிலோமீட்டருக்கு ஒரு புள்ளிதான் எடுத்திருந்தது. நடுவில் இருந்த பள்ளம் எதுவும் அதில் இல்லை. மூன்றாவது எழுச்சி சுவர் மாதிரி நின்றது.

மேட்டுக்காரர் பின்னால் இருந்தார். கத்திப் பார்த்தார், முன்னால் போனவர்களுக்குக் கேட்கவில்லை. மச்சான் இறங்கவில்லை. பேசிக்கொண்டே ஏறலாம் என்றவர் மாப்பிள்ளை அல்லவா, இதோ முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார். பக்கத்தில் ஓட்டியவரிடம் கடைக்கு வந்த ஒருவரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாராம். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடமானது. அதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

யாரும் மேட்டுக்காரரைக் குறை சொல்லவில்லை. அந்த இதயத்துக்கு எங்கே வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்று ஆளாளுக்குத் தேற்றினார்கள். ஒரு மாதம் கழித்து அவர் பஸ் பிடித்துப் போய், அந்த ஏற்றத்தைக் கருவியோடு நடந்தே அளந்தார். மூன்றாவது எழுச்சியில் நூறு மீட்டருக்குப் பதினொரு மீட்டர். மூன்றாம் தரம். இறங்கித் தள்ள வேண்டிய இடம்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "நான் அந்தப் பாதையப் போய்ப் பார்க்கவே இல்ல. கம்ப்யூட்டர்ல பார்த்துத்தான் சொன்னேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"தெரியும். அந்த ஞாயித்துக்கிழம உங்க முட்டிக்கு ஒத்தடம் குடுத்தது யாரு? அண்ணன் எங்கிட்டயும் கேட்டான். நிஜமாவே போய்ப் பார்த்துட்டு வந்தாரான்னு."

"நீ என்ன சொன்ன?"

"பார்த்துட்டாரு, போன்னு சொன்னேன். அவன் வீட்லயே கெடந்து புழுங்கினான். போயிட்டு வரட்டும்னு நெனச்சேன்."

 அவள் அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள்.

குழுவிடம் அவர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். வீங்கிய முட்டி, வரைபடம், பள்ளம் எல்லாம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அதன்பின் எந்தப் பாதையைப் பற்றிக் கேட்டாலும் அவர் மூன்றாம் தரம் என்றார். இப்படியே போனால் கூடத்துக்குள்தான் ஓட்ட வேண்டும் என்று காது மந்தமானவர் சிரித்தார். மிச்சமிருந்தவர்களில் ஒரே பாதையை, பார்த்துவர ஒன்று, குழுவோடு ஒன்று என்று இரண்டு தடவை ஓட்ட யாருக்கும் தெம்பில்லை. இப்போது ஒருவர் போனில் வரைபடத்தைப் பார்த்துத் தரம் சொல்கிறார். மேட்டுக்காரர் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தார். சரி சரி என்றார்கள். அவர் இப்போது குழுவோடு போவதில்லை.

மச்சானின் மனைவி தனியாக இருக்கிறார். மேட்டுக்காரரும் மனைவியும் வாரம் ஒருமுறை அங்கே போய்வருகிறார்கள். வழியெல்லாம், அண்ணிகிட்ட நடந்தத இன்னைக்கு நீங்க சொல்லுங்க, நீ சொல்லு என்று பேச்சு நடக்கும். அந்த அம்மா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்கிறார்:

"உங்களாலதான் தம்பி அவரு கடைசி வரைக்கும் வெளிய வாசல் போய்வந்தாரு."

இருவரும் தலையாட்டிவிட்டு, டீயைக் குடித்து முடித்து எழுந்துகொள்கிறார்கள்.